நாலாவது போல்ட்

வண்டியில் சத்தமே இல்லை என்று பாயிஸ் நானா மூன்றாவது தடவையாகச் சொன்னார். கிராண்ட்பாஸில் அவருடைய கராஜ். என் லான்சர் காரைத் தனியே எடுத்துக்கொண்டு ஆமர் வீதிச் சந்திவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் வாசலில் ஒரு பழைய ரயரின் மேல் இருந்தேன்.

“இல்லாத சத்தத்த நான் எப்பிடித் தம்பி புடிக்கிற? வண்டி சோக்கா ஈக்கி. கொண்டுபோய் ஓடுங்க.”

டாஷ்போர்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். போன மாதம்தானே கழற்றினோம் என்றார். உண்மைதான். ஜனவரியில் முன்பக்க ஷொக் அப்சோபர்களை மாற்றினோம். மார்ச்சில் கதவுகளுக்குள் ஒலி தடுக்கும் தாள் ஒட்டினோம். ஏப்ரலில் டாஷ்போர்ட். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. நான் தேடிய சத்தம் மட்டும் கிடைக்கவில்லை.

அது சுரேகா சொன்ன சத்தம். சுரேகா என் மனைவி. போன வருடம் ஜூனில் டெங்கு வந்து இறந்துபோனாள். ஐந்தே நாள். முப்பது வயது.

லான்சர் அவளுடைய தெரிவு. வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லோரும் சின்ன ஹைபிரிட் கார் வைத்திருந்தார்கள். அவள் இணையத்தில் தேடி, நீர்கொழும்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருந்த இருபது வருடப் பழைய காரைக் கண்டுபிடித்தாள். மனுவல் கியர். வேலைக்குப் போய்வரத்தானே, ஓட்டோமெற்றிக் போதாதா என்றேன். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் காருக்குள் இருக்கிறோம், அந்த நேரமாவது விளையாட வேண்டாமா என்று கேட்டாள்.

விளையாடினோம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடித் தேடிப் பழைய அலோய் வீல் நாலு எடுத்தோம். கியர்த் தடியைக் கட்டையாக்கினோம். வண்டியை ஓரங்குலம் பதித்தோம். உப்புக் காற்றில் அடித்தட்டு கறள் பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கீழே படுத்துக் கழுவுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரைன் டிரைவில் ஓட்டுவது அவள் வேலை. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்குவாள். எஞ்சின் ஒருமுறை உறுமும். வாசலில் நிற்கும் காவல்காரர் சிரிப்பார். மற்ற நாட்களில் நான் ஓட்டினேன். அவள் இடப்பக்கம் இருந்தாள்.

இரண்டாம் வருடம் நல்ல ஸ்பீக்கர்கள் போட்டேன். அவற்றுக்கு ஒலியைக் கூட்டிக்கொடுக்க ஒரு அம்ப் வேண்டும். அதை இடப்பக்க இருக்கைக்குக் கீழே வைத்தேன். ஒரு சனிக்கிழமை அவள் கொட்டாஞ்சேனைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, இருக்கையைக் கழற்றி, அம்பைப் பூட்டி, இருக்கையைத் திரும்பப் போட்டேன். பின்னேரம் வந்து பாட்டுக் கேட்டுவிட்டுக் கை தட்டினாள்.

கொஞ்ச நாளில் சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ரோடு கெட்ட இடங்களில் டிக் டிக் என்று வருகிறதாம். டாஷ்போர்டில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். கதவில் காதை வைப்பாள். எனக்கும் கேட்டது. இருபது வருட வண்டி என்றால் அப்படித்தான் என்றேன். ஒருநாள் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றேன். பாட்டைக் கூட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலி வீதி முழுக்க வாகனம். ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். காய்ச்சல் நூற்றுமூன்று.

“அந்தச் சத்தம் வருதப்பா,” என்றாள்.

“இப்ப அதை விடும்,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. சத்தமும் வரவில்லை. இடப்பக்க இருக்கையில் என் லப்டொப் பையை வைத்தேன். யாராவது வந்தால் பின்னால் ஏறினார்கள். நான் சொல்லவில்லை. அவர்களாகவே பின்கதவைத் திறந்தார்கள்.

செய்து தருகிறேன் என்று சொல்லி அவளுக்குச் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அதைச் செய்ய, சத்தம் ஒருமுறையாவது வரவேண்டும். வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் என் அம்மா திதி பார்த்து முதல் வருட ஆட்டைத் திவசத்தை முன்னரே முடித்துவிட்டார். சுரேகாவின் தாய் இமெல்டா மாமி கத்தோலிக்கர்; அவருக்குத் திதி கிடையாது, திகதிதான். அந்தத் திகதியில் கொட்டாஞ்சேனைக் கோவிலில் காலைப் பூசை வைத்தார். பூசை முடிய, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக மஞ்சள் சோற்றுப் பார்சல்கள் மாமியின் வீட்டில் தயாராக இருந்தன. டிக்கியில் பழைய ஷொக் அப்சோபர்களும் கருவிகளும் கிடந்தன. சோற்றில் கிறீஸ் மணம் பட்டுவிடும் என்று மாமி அங்கே வைக்க விடவில்லை. பார்சல்களைப் பின்னிருக்கையில் அடுக்கினோம். நிறைந்துவிட்டது. மாமி முன்னால் இருந்த பையைப் பார்த்தார்.

“நான் திரீவீலில வாரன் மகன்.”

“வேண்டாம் மாமி. ஏறுங்கோ.”

பையை எடுத்து என் காலடியில் வைக்கப் பார்த்தேன். கிளட்சை மறித்தது. மாமி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜம்பட்டா வீதியில் குழாய் போடத் தோண்டி மூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதில் முன்சில்லு ஏறி இறங்கியது. டிக். பின்சில்லு. டிக் டிக்.

பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. மெதுவாக எடுத்தேன். அடுத்த பள்ளத்திலும் வந்தது. அதே சத்தம்.

“இதுவா மகன் சுரி சொன்ன சத்தம்?” என்று மாமி கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“எனக்கிட்டயும் சொல்லியிருக்கா. கராஜில குடுத்துக் காட்டேன்னு சொன்னேன். ‘இல்ல மம்மி, அவர் பாத்துத் தருவார்’னு சொன்னா.”

கியரை மாற்றினேன்.

முதியோர் இல்லத்தில் ஒரு கன்னியாஸ்திரி சுரேகாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லோருமாக ஒரு செபம் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன். கவனம் செபத்தில் இல்லை. ஒரு வருடமாக அந்த இருக்கையில் ஒருவரும் இருந்ததில்லை. பாயிஸ் நானா தனியே ஓட்டினார். நானும் தனியே ஓட்டினேன். ஆள் இருந்தால்தான் அது பேசும்.

திரும்பும் வழியில் கராஜுக்கு விட்டேன். பாயிஸ் நானா மாமிக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். நான் அதற்குள் கதவைத் திறந்து, நிலத்தில் முழங்கால் குத்தி, இருக்கைக்குக் கீழே கையை விட்டிருந்தேன். இருக்கையைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள் நாலு. மூன்று இறுக்கம். பின்னால் உட்பக்கம் இருந்த நாலாவது, விரலாலேயே சுழன்றது.

வெளியே எடுத்துப் பார்த்தேன். மெல்லியது. மற்றவற்றோடு சேராதது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை சரியான போல்ட் உருண்டு கட்டடத்து வடிகானுக்குள் விழுந்தது. பிஸ்கட் டின்னில் கிடந்த ஒன்றை இப்போதைக்கு என்று போட்டேன். திங்கட்கிழமை வாங்கலாம் என்று நினைத்தேன்.

பாயிஸ் நானா குந்தியிருந்து அதை வாங்கிப் பார்த்தார்.

“இதுல ஒரு ஆள வெச்சி ஓடினாத்தானே தெரியும். நீங்க சொல்லல்லியே தம்பி.”

“ஓம் நானா. சொல்லேல்ல.”

அவர் எழுந்துபோய் ஒரு பேணியைக் கிளறிச் சரியானதைக் கொண்டுவந்தார். தானே பூட்டுவதாகச் சொன்னார். நான் ஸ்பனரைக் கேட்டு வாங்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. போல்ட் முட்டியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இன்னும் கொஞ்சம்.

“போதும் தம்பி,” என்று அவர் என் கையைப் பிடித்தார். “மரை போயிரும்.”

நான் எழும்பவில்லை. அவர் ஸ்பனரை மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கை கழுவிக்கொண்டு வந்தபோது மாமி பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். பின்னிருக்கை இப்போது வெறுமையாக இருந்தது.

“மாமி. முன்னுக்கு ஏறுங்கோ.”

அவர் பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து ஏறினார். லப்டொப் பையைப் பின்னால் போட்டேன்.

ஜம்பட்டா வீதி. தோண்டி மூடிய இடம். வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினேன். வண்டி குலுங்கியது. வேறொன்றும் இல்லை. அடுத்த பள்ளத்திலும் இல்லை.

“இப்ப இல்ல மகன்,” என்றார் மாமி.

“ஓம்.”

மாமியின் ஒழுங்கை வந்தது. நான் திரும்பவில்லை. நேரே போய், சந்தியில் சுற்றி, மறுபடியும் அதே வீதிக்கு வந்தேன். மாமி இருக்கைப் பட்டியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லவில்லை. இன்னொரு சுற்றும் போனேன். பாட்டுப் போடவில்லை.