பாய்லருக்குள் ஆள்

அழுக்குத் துணியாம்! ஒரு மனுஷன் உயிரை அழுக்குத் துணி என்று சொல்லிக் கடலில் வீசிவிட்டார் கப்பலுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், மலாயா. கிள்ளானை அடுத்த சுவிட்டன்ஹம் துறைமுகத்தில் அந்தச் சின்னப் போர்க்கப்பல் பழுதுபார்க்க நின்றது. மேற்பார்வை இன்ஜினியர் ரபேல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். கப்பலில் இரண்டு பாய்லர். ஒன்று கொதித்துக்கொண்டிருக்க, ஆறவைத்த மற்றதற்குள் கூலியாள் தம்புசாமி சுவரில் படிந்த உப்புக்காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வால்வைத் திறந்தால் நீராவி இதற்குள் பாய்ந்துவிடும். அதனால் உள்ளே இறங்குகிறவன் தன் சட்டையை வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவனே வந்து எடுக்கிறவரை ஒருவரும் தொடமாட்டார்கள்.

யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம், கப்பல் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். தம்புசாமியின் சட்டை துரை கையால் கடலுக்குப் போய்விட்டது. நெருப்புப் போடும் பாலன் வெறும் சக்கரத்தைக் கண்டான். ஆள் ஏறிப் போயாச்சு என்று நினைத்துச் சக்கரத்தில் கை வைத்தான்.

"டேய்! கையை எடுடா!"

ரபேல் போட்ட சத்தத்தில் பாலன் கையை வெடுக்கென்று எடுத்தான். உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதாவே!

ரபேல் மேலே ஓடித் துரையிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளை வேகவைத்துத்தான் எடுத்திருப்போம்!"

"ஒரு கந்தலுக்கு இவ்வளவு கூச்சலா? சாயங்காலத்துக்குள் வேலையை முடி" என்றார் துரை.

ரபேல் கீழே வந்தார். விஷயம் தெரிந்து தம்புசாமி வெளியே ஏறி நின்றான். ரபேல் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சக்கரத்தில் மாட்டினார்.

"எவன் தொடுறான்னு பார்க்கிறேன். நீ இறங்கு."

"சட்டையை வீசினவருக்குக் கோட்டை வீச எவ்வளவு நேரமாகும்? நீங்க இறங்குங்கய்யா."

ரபேலுக்குச் சுருக்கென்றது. பாய்லருக்குள் எத்தனையோ முறை இறங்கிப் பார்த்தவர்தான். ஆனால் பக்கத்துப் பாய்லர் கொதிக்கும்போது ஒருநாளும் இறங்கியதில்லை. அடுத்தவனைத்தான் இறக்கியிருக்கிறார். துரை மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது தன் மேலேயே திரும்பியது.

"சரி, இறங்குறேன். நீ அந்தச் சக்கரத்தை விட்டு நகராதே."

துவாரம் வழியே உடம்பைத் திணித்து உள்ளே போனார். கும்மிருட்டு. சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே யார் என்ன செய்தாலும் தெரியாது. ஆத்திரம் தீரச் சுரண்டினார்.

வெளியே பூட்ஸ் சத்தம். துரையின் குரல். சும்மா நிற்கிறவனைக் கண்டு, மேலே போய் டெக்கைக் கழுவச் சொல்லி மலாயில் விரட்டினார். ரபேலின் கை அப்படியே நின்றது. தம்புசாமி எந்தத் துரைக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியவன் இல்லை. வேலையை விட்டுத் துரத்திவிடுவேன் என்று துரை கத்தினார்.

"துரத்துங்க தொரை" என்றது தம்புசாமியின் குரல். "எங்க ஐயா உள்ள இருக்காரு. நான் நகர மாட்டேன்."