பொலிசு வீட்டுக்கு அடுத்த படலை

பொலிசு ஸ்டேஷன் என்றால் ஒரு பலகையாவது வேண்டாமோ? முப்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் கோப்பாய்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பொலிசார் குடிவந்தார்கள். வந்ததோடு சரி. எங்களூர் வேலிகளைத்தான் தெரியுமே, ஆளுயரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு. உள்ளே கள்ளன் இருக்கிறானோ காவல் இருக்கிறதோ, வெளியே நிற்பவனுக்கு வாசலிலே எல்லாம் ஒரே படலைதான்.

அடுத்த படலை பூரணத்தினுடையது. புருசன் செத்துத் தனியே இருந்தவள். "பொலிசு இதோ?" என்று வருகிற சனத்துக்கு வழி சொல்லியே அவளுக்கு வாய் நொந்து போயிற்று.

ஆனியில் ஒருநாள், நல்ல உச்சிப்பொழுது. படலை ஆடியது. "அம்மா, ஆரும் இருக்கிறியளோ?" பெண்குரல்.

பூரணம் எழும்பவில்லை. உச்சி வெயிலில் பேய் கூப்பிடும். ஆனால் இரண்டு தரந்தான். மூன்றாந் தரமும் கூப்பிட்டால்தான் மனுசர். ஊரறிந்த கணக்கு இது.

"அம்மா..." இரண்டாந் தரம்.

எழும்பிப் போய் வேலியடிப் பொட்டு ஓட்டைக்குள்ளாலே குனிந்து பார்த்தாள். இரண்டு கால்கள். ஒரு காலில் மிஞ்சி இருந்தது. மற்றக் காலில் மிஞ்சி இல்லை, விரல் வீங்கி இரத்தம் கட்டியிருந்தது. பேய்க்குக் கால் இல்லை என்பதும் பூரணத்துக்குத் தெரியும். தெரிந்தும், பாழாய்ப்போனவள், மூன்றாந் தரத்துக்குக் காத்து நின்றாள். அது வரவில்லை. கால்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

அடுத்த நாள் இரண்டு கட்டைத் தூரம் தள்ளி ஒரு கிணற்றிலிருந்து செல்வநாயகி என்ற பெண்ணைப் பிரேதமாக எடுத்தார்கள். தண்ணி அள்ளப் போய் வழுக்கி விழுந்தாள் என்றான் புருசன். விசாரணையிலும் அப்படியே எழுதினார்கள். "ஒரு கால் மிஞ்சியைக் காணேல்லையாம்" என்று சனம் கதைத்தது. பூரணம் வாய் திறக்கவில்லை. திறந்தால், நீ ஏன் படலை திறக்கேல்லை என்றல்லவோ ஊர் கேட்கும்.

அன்று தொட்டு உச்சிக்கு உச்சி படலை ஆடும். இரண்டு தரம் கூப்பிடும். பொட்டுக்குள்ளாலே பார்த்தால் வெறும் மண்.

செத்தவள் பொலிசுக்கு வழி தெரியாமல்தான் வருகிறாளாக்கும் என்று நினைத்து, சார்ஜன் அடைக்கலநாதனிடம் போனாள். "ஒரு பலகை போடுங்கோ ஐயா, சனம் தடுமாறுது" என்றாள். ஒருமுறையல்ல, கிழமைக்கு ஒருமுறை போய்க் கெஞ்சினாள். கடைசியில் வேலியை வெட்டித் திறந்தார்கள். தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நீலக் கண்ணாடி லாம்பும், முழ உயரத் தமிழெழுத்தில் பலகையும் வந்தன.

"இனி உங்கடை படலையிலை ஒருத்தரும் வந்து கூப்பிட மாட்டினம்" என்று சார்ஜன் சிரித்தார். உயிரோடு இருக்கிறவர்கள் ஒருவரும் பிறகு வரவில்லைதான்.

மறுநாள் உச்சிக்குப் படலை ஆடியது.

அத்தனை பெரிய பலகையை விட்டுவிட்டு இவள் ஏன் இங்கே வருகிறாள்? அங்கே போனாலும் செத்தவள் சொல்லை ஆர் எழுதுவார்கள்? அந்தக் காலைப் பார்த்த கண் இந்த வளவுக்குள்ளே அல்லவோ இருக்கிறது.

முதற் கூப்பாட்டிலேயே படலையைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. "வா பிள்ளை" என்று சொல்லி, முன்னே நடந்தாள்.

சார்ஜன் கதிரையைக் காட்டினார். "இருங்கோ அம்மா. ஆர் மேலை முறைப்பாடு?"

"முதல் என்ரை மேலை எழுதுங்கோ. பிறகு செல்வநாயகியின்ரை புருசன் மேலை."

சார்ஜன் பேனையை எடுத்தார். பூரணம் நின்றுகொண்டே இருந்தாள். அவர் மறுபடியும் கதிரையைக் காட்டினார்.

"அவள் இருக்கட்டும் ஐயா," என்றாள் பூரணம். "வெயிலுக்குள்ளை கனநேரம் நிண்டவள்."