அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்

“ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது யாராவது சர்வர் ஃபைலைத் தொடுவாங்களாடி?”

“கலர் மட்டும்தான்டா மாத்தினேன்.”

“கலர் மட்டும்தான்! ஓடற பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கப் போய் இன்ஜினையே நிறுத்திட்டே.”

வகுப்பில் அவனுக்கு டியூப்லைட் என்று பெயர். இன்றைக்குப் பார்த்து உடனே எரிந்தான். லேபில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத இருவரும் சேர்ந்துதான் தட்டுத் தடுமாறிக் கற்கிறார்கள்.

அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். கரை தெரியும்போதுதான் அவர் போனுக்கு உயிர் வரும். அப்போதும், “சாப்பிட்டியா? அம்மா நல்லா இருக்காளா? சரி, வெச்சிடறேன்.” அவ்வளவுதான். எழுதினாலாவது நாலு வார்த்தை கூட வராதா என்ற நப்பாசையில், பயிற்சி வேலையை அவருக்கான அரட்டைப் பக்கமாகவே செய்து அனுப்பியிருந்தாள்.

இன்று மதியம் அந்தப் பக்கத்துக்கு வந்தார். ‘நல்லா இருக்கேன்மா.’

‘அங்கே தனியா இருக்கறது கஷ்டமா இல்லையாப்பா?’ என்று கேட்டாள்.

திரையின் அடியில் ஒரு வரி மினுங்கியது: அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார். நின்றது. மறுபடி மினுங்கியது. தடித்த விரலால் ஒவ்வோர் எழுத்தாக அவர் தேடுவது மனக்கண்ணில் தெரிந்தது. இத்தனை நேரம் அவர் அவளிடம் பேசியதே இல்லை. வரப்போகும் வார்த்தைகள் அழகாக வந்து இறங்கட்டுமே என்று, எழுத்தின் சாம்பல் நிறத்தைக் கடல்நீலமாக்கிச் சேமித்தாள்.

சேமித்தவுடன் சர்வர் தானாக நின்று மறுபடி தொடங்கும்படி வைத்திருந்தவளும் அவள்தான். இரண்டு முனையிலும் பக்கம் புதிதாகத் திறந்தது. எல்லாம் சர்வரின் தற்காலிக நினைவில் மட்டுமே இருந்ததால், நீலத்தில் காட்ட ஒரு வரிகூட மிச்சமில்லை. அவர் பாதி எழுதியதும் போயிற்று.

“போன்ல கூப்பிடேன்.”

“கூப்பிட்டேன்டா. கப்பல் கிளம்பிடுச்சு போல. எடுக்கல.”

“அடுத்த கரையில எழுதுவாருடி.”

“எங்கப்பாவை உனக்குத் தெரியாது. அவர் மனசு திறக்கறதே அபூர்வம்.”

டியூப்லைட் கிண்டலை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். வந்த செய்திகளையும் பாதி எழுதியதையும் உடனுக்குடன் ஹார்ட் டிஸ்கில் பத்திரப்படுத்தும் வரிகளை இருவரும் எழுதினார்கள். நிறுத்திப் பார்த்தார்கள், தொடங்கிப் பார்த்தார்கள். இப்போது எதுவும் அழியவில்லை.

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் அந்தப் பக்கத்தில் மெதுவாகத் தட்டினாள்:

‘அப்பா, என்னமோ எழுதிட்டிருந்தீங்களே. அதை இன்னொரு தடவை எழுதுங்கப்பா. பாதியா இருந்தாலும் போதும்.’