பஸ் ஏற்றி அனுப்பிய புகார்கள்

புஷ்பலதா ஏட்டாக இருந்த மகளிர் காவல் நிலையத்தில், பிள்ளைகளைச் சீரழித்ததாக ஒரு வழக்குகூடப் பதிவானதில்லை. பதிந்தால் ஸ்டேஷன் பேர் கெட்டுவிடும் என்று இன்ஸ்பெக்டரம்மா எரிந்து விழுவார். அதனால் பிள்ளையோடு அழுதுகொண்டு வரும் தாய்மார்களைப் புஷ்பலதா வெளியே புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போவாள்.

"ஆந்திரா பஸ் ஏறும்மா. பார்டர் தாண்டினா ஒரு லேடி எஸ்.ஐ. இருக்காங்க. அங்க அக்கா வூட்ல தங்கிகினு இருக்கேன்னு சொல்லு. புகாரை எழுதிப்பாங்க."

அங்கே எழுதினார்கள். செய்தவன்கள் உள்ளே போனான்கள்.

ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்துக் கூட்டத்தில் பெரிய அதிகாரி மார்தட்டிக்கொண்டார். "அந்தப் பக்கம் ஆந்திராவுல பாருங்க, எவ்ளோ கேஸு, எவ்ளோ கேவலம்! நம்ம பக்கம் சுத்தம்." எல்லோரும் கை தட்டினார்கள். எழுதாத ஊர் யோக்கியமாம், எழுதிய ஊர் நாறிப்போச்சாம்! புஷ்பலதாவும் கை தட்டத்தான் வேண்டியிருந்தது.

மறுவாரம் அந்த எஸ்.ஐ. போன் செய்தாள். "கேஸ் ஜாஸ்தியாயிடுச்சுன்னு என்னைத் தூக்கிட்டாங்கக்கா. புதுசா வந்தவரு எதையும் எழுத மாட்டாரு. இனிமே யாரையும் அனுப்பாதீங்க."

போனை வைத்து நிமிர்ந்தால் வாசலில் ஜெயம்மா. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவள். மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெண் தலை தூக்கவில்லை. உள்ளறையில் இன்ஸ்பெக்டரம்மா செருமினார். புஷ்பலதாவின் கால்கள் பழக்கத்தில் இருவரையும் புங்கமரத்தடிக்குக் கூட்டி வந்துவிட்டன.

ஜெயம்மாவே கேட்டாள். "முன்னாடி வந்துட்டுப் போனவங்க எல்லாம் சொல்லிதான் அனுப்பினாங்க ஏட்டம்மா. எந்த பஸ்ஸு ஏறணுங்க?"