மேடைக்குப் பின்னால் தாள் வராது

'கல்லூரி வாழ்வில் நீங்கள் கண்ட சுய வளர்ச்சி பற்றியும், வளாக நிகழ்ச்சிகளில் உங்கள் பங்கேற்பு பற்றியும் முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.'

இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் இந்தப் படிவத்தை நிரப்பித் தர வேண்டுமாம். முந்நூறு சொல்லாம்! எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு முந்நூறு சொல் முன்னுரைக்கே காணாது. அதனால் படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

கல்லூரியில் என்னை எல்லோரும் 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாமாண்டில் ஒரு நாள் ஒலிபெருக்கிக்காரர் வரவில்லை. மைக் வீல் வீலென்று கத்தியது. முந்நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே தவிர ஒருத்தரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் ஏதேதோ திருகினேன், கத்தல் நின்றது. அன்றோடு நானும் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கருத்தரங்கம், விளையாட்டு விழா, வரவேற்பு, வழியனுப்பு, எதுவாக இருந்தாலும் 'மைக்கைக் கூப்பிடு' என்பார்கள். சோறு தின்னாமல்கூட ஓடியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் பரீட்சை எழுத ஹால் டிக்கெட் வேண்டுமானால் அறுபது பங்கேற்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து. பன்னிரண்டு நிகழ்ச்சியில் கலந்துகொண்டால் முடிந்தது. புள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் பாயிண்ட் மேடம் என்போம். போன மாதம் ஹால் டிக்கெட் வாங்கப் போனபோது, அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு எதிரே பத்து என்று இருந்தது.

"மேடம், இது தப்பா இருக்கு. நல்லா பாருங்க."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா."

"எழுபத்தோரு நிகழ்ச்சிக்கு நான் மைக் போட்டிருக்கேன் மேடம்."

"போட்டிருப்ப, யாரு இல்லைன்னா? தாள்ல கையெழுத்து போட்டியா?"

அதைத்தான் சொல்கிறேன். கடைசிப் பேச்சு முடியும்போது கையெழுத்துத் தாள் முதல் வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசை வரை கைமாறிப் போகும். அது எங்கே மேடை ஏறித் திரையைத் தாண்டி, ஒயர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற என்னிடம் வருவது? செல்போனில் விளையாடிக்கொண்டு இருந்தவனுக்கு ஐந்து புள்ளி. குறட்டை விட்டவனுக்கும் ஐந்து. அவன் தூங்குகிற அளவுக்குப் பேச்சு கேட்கும்படி செய்த எனக்கு முட்டை.

பையிலிருந்து என் பேட்டரி நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கையில் பிடிக்கிற மைக்குக்கு இரண்டு பேட்டரி. பழைய மைக், நாற்பது நிமிடம்தான் தாங்கும். எப்போது மாற்றினேன் என்று மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, நேரம், யார் பேச்சின்போது மாற்றினேன் என்று எழுதி வைப்பேன். திரை எப்போது திறந்தது, யார் திறந்தார் என்பதுகூட அதில் இருக்கும்.

மேடம் இரண்டு பக்கம் புரட்டினார். "இதுல யாரு கையெழுத்து இருக்கு?"

"யாருதும் இல்ல மேடம். நான் எழுதினது."

"அப்ப இது உன் டைரிம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க? 'மைக்கு வேற, திரை வேற, உன்னை நான் பாத்துக்கறேன்'னு?"

"நானா? அப்படியா சொன்னேன்?" என்று சுவரைப் பார்த்தார், ஏதோ அது சாட்சி சொல்லும் என்பதுபோல.

நானும் பார்த்தேன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் பழுத்து. 'நிகழ்ச்சி முடியும்வரை இருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே கையெழுத்து. இடையில் எழுந்தால் கையெழுத்து செல்லாது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை.' 'யாருக்கும்' என்பதன் அடியில் இரண்டு கோடு. நீல மை. கையெழுத்து என்னுடையது.

ஆமாம், அந்த விதியை எழுதிய மகராசி நான்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே கேன்டீனுக்கு நழுவுகிறவர்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வகுப்புப் பிரதிநிதி வேறு. கூட்டத்தில் எழுந்து நின்று, "இது அநியாயம் மேடம், உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும்தான் குடுக்கணும்" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். "நீயே எழுதிக் குடும்மா" என்றார் மேடம். எழுதிக் கொடுத்தேன். கை தட்டினார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் மைக் கத்தியது. அந்த இரண்டு மாதத்தில் கீழே உட்கார்ந்து வாங்கியதுதான் இந்தப் பத்து.

அதையாவது என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். திரை அண்ணனை என்ன செய்வது?

திரை அண்ணன் எனக்கு ஒரு வருடம் சீனியர். மேடைத் திரையை இழுக்கிறவர். மோட்டார் எல்லாம் இல்லை, கயிறுதான். இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். அவர் கையைக் காட்டினால்தான் நான் மைக்கைப் போடுவேன். போன வருடம் இதே மாதத்தில் அவருக்கு ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் வந்து, "எனக்குப் பாயிண்ட் பத்தலயாம் மைக்கு" என்றார். நான் அப்போது ஒயர் சுற்றிக்கொண்டு இருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அதுக்கென்ன அண்ணா பண்றது, விதின்னா விதிதானே. ரெண்டு மூணு தடவ கீழ உக்காந்திருக்கலாம்ல?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார். பரீட்சை எழுதவில்லை. இப்போது ஒரு கூரியர் கிடங்கில் பார்சல் பிரித்துப் போடுகிறார். மறுநாள் மேடம் என்னிடம் 'உன்னைப் பாத்துக்கறேன்' என்று சொன்னபோது நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து விதி, புள்ளி, திரை அண்ணன் என்று எல்லாவற்றையும் சொல்லி அம்மாவிடம் கத்தினேன். அம்மா துணி ஃபேக்டரியில் தையல் சரிபார்க்கிறவர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை கையில் ஏறி இறங்கும். நான் கத்தி முடிக்கும்வரை காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க ஃபேக்டரியில ஒவ்வொரு சட்ட பாக்கெட்லயும் ஒரு துண்டுச் சீட்டு வெப்பாங்கடி. நாப்பத்தி மூணுன்னு போட்டிருந்தா அது நான் பாத்த சட்ட. எங்க முதலாளி மனுசனே இல்ல, ஆனா அவனுக்கே தெரியுது எந்த வேல யாரு செஞ்சதுன்னு. படிச்சவங்க நடத்தற எடத்துல தெரியலயா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் தெரியாத மாதிரி இருக்காங்க."

"அப்ப அந்தத் தெர இழுக்கிற பையன்?"

அம்மா காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவன் சீட்ட யாருடி கிழிச்சது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

புள்ளி சேர்க்கும் கெடு முடிய ஒரே ஒரு நிகழ்ச்சிதான் பாக்கி. அதன் பெயரைக் கேளுங்கள்: மாணவர் வளர்ச்சி நாள். காலையிலேயே போய் எல்லா ஒயரையும் மாட்டினேன், புதுப் பேட்டரி போட்டேன், சோதித்தேன். பிறகு பாயிண்ட் மேடத்திடம் போனேன்.

"மேடம், இன்னைக்கு நான் கீழ உக்காரப் போறேன். நாப்பது நிமிஷத்துல பேட்டரி மாத்தணும். போன மாசமே பேச்சு மேடையில இருக்கற ஒயர் மைக் செத்துப்போச்சு, அதனால இது ஒண்ணுதான். மாத்தறதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கங்க."

"சரி சரி, யாராவது பாத்துப்பாங்க" என்றார், பூங்கொத்தை எண்ணிக்கொண்டே.

யாராவது! மூன்று வருடமாக அந்த 'யாராவது' யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது போலிருக்கிறது. ஏழாவது வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பத்தோடு ஐந்து பதினைந்து, அதை வைத்துக்கொண்டு ஹால் டிக்கெட் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தேன். மடியில் பை, பையில் இரண்டு பேட்டரி, நோட்டு.

மாணவர் தலைவர் பேசினார். மேடம் பேசினார். முதல்வர் எழுந்து வந்து மைக்கை வாங்கியபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. பழக்கதோஷம், பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

"பங்கேற்பு, பங்கேற்பு என்கிறோம். பங்கேற்பு என்றால் என்ன? பங்கேற்பு என்றால்..." என்று முதல்வர் கையை உயர்த்தினார். மைக் செத்தது.

தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். மேடம் மேடைக்குப் பின்னால் ஓடினார், திரும்பி ஓடி வந்தார். "மைக்கு எங்க? மைக்கு எங்கப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. என் பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்து, "நீ இங்கயா இருக்க?" என்று வாயைப் பிளந்தான். அரங்கமே திரும்பியது.

மேடம் ஏழாவது வரிசைக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "என்னம்மா இப்படி உக்காந்திருக்க? எந்திரி, வா!"

"எந்திரிச்சா கையெழுத்து செல்லாது மேடம்."

"விளையாடாத! யாரு சொன்னா?"

"சுவத்துல இருக்கு. யாருக்கும் விதிவிலக்கு இல்ல. அடியில ரெண்டு கோடு போட்டிருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குள் முதல்வரே செத்த மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "என்ன பிரச்சினை?" என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. பாவம், இவ்வளவு நாளும் அது எனக்குத் தெரியாது.

பேட்டரிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "மூடிய எடது பக்கமா தள்ளணும் சார்." பிறகு உட்கார்ந்தபடியே சொன்னேன். எழுபத்தோரு நிகழ்ச்சி, பத்துப் புள்ளி, டைரி, எல்லாம். "அந்த விதிய எழுதினது நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். பின்னாடி ஆள் இருப்பாங்கன்னு நெனச்சே பாக்கல."

முதல்வர் மூடியோடு மல்லாடிக்கொண்டே, "சரிம்மா, உன் விஷயத்த நாளைக்கு ஆபீஸ்ல பாக்கலாம். உனக்கு ஒரு விதிவிலக்கு குடுத்துடலாம்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு மட்டும் வேணாம் சார். போன வருஷம் திரை இழுத்த அண்ணன் இதனாலதான் பரீட்ச எழுதல."

"அது போன வருஷம் முடிஞ்சுபோன கதை" என்றார் மேடம்.

"உங்களுக்கு முடிஞ்சுது மேடம். அவரு இன்னும் பார்சல் தூக்கிட்டு இருக்காரு."

அந்த நேரம் பார்த்து, யாரோ அவசரப்பட்டு முன்கூட்டியே சுற்றவிட்ட கையெழுத்துத் தாள் ஏழாவது வரிசைக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் முதல்வர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "எல்லா தடவையும் என் பேச்சுலதான் பேட்டரி தீந்திருக்கு போல?" என்றார். "ஆமா சார்" என்றேன், பின்னே என்ன சொல்வது? அந்த நோட்டில் ஐம்பது இடத்துக்கு மேல் 'திரை: அண்ணன்' என்று இருந்தது. அவர் அங்கே நின்றதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே ஆதாரம். போன வருடமும் இதே நோட்டு என் பையில்தான் இருந்தது. முதல்வர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அண்ணனுக்கும், எங்களைப்போலவே மேடைக்குப் பின்னால் நாற்காலி தூக்குகிற நான்கு பேருக்கும் புள்ளிகள் ஏறின. விதியை மாற்றி எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒட்டும்போது பாயிண்ட் மேடம் என் தோளைத் தட்டி, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, பாத்துக்கறேன்னு?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நின்று திரை அண்ணனுக்குப் போன் செய்தேன். புள்ளி ஏறிவிட்டது, இந்த முறை பரீட்சை எழுதலாம் என்று சொன்னேன். அவர் பின்னால் பெட்டிகள் தொப் தொப்பென்று விழுந்துகொண்டு இருந்தன.

"இன்னொண்ணு சொல்லணும் அண்ணா. அந்த விதிய எழுதினது..."

"தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மேடைக்குப் பின்னாடி ஒட்டற ஒவ்வொரு பட்டியலும் நீ எழுதினதுதானே."

"அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தகூட கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். அந்த நோட்ட கொஞ்சம் ஆபீஸ்ல காட்டுவியான்னு கேக்கலாம்னு. நீதான் விதின்னா விதின்னுட்டியே."

அவர் பக்கம் இன்னும் இரண்டு பெட்டிகள் விழுந்தன.

"சரி விடு. பரீட்சை எந்தத் தேதி?"

சொன்னேன்.

"சத்தமா சொல்லு மைக்கு" என்றார். "இங்க ஒண்ணுமே கேக்கல."