குடை பிடித்த தவளை

வெனிங்குக்குத் தவளைப் பைத்தியம். மழை விட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் இறங்கிவிடுவாள். முழங்கால் வரை சேறு, முதுகெல்லாம் கொசுக்கடி. அத்தனை பாடுபட்டு எடுத்த படங்களை இணையத்தில் ஒரு படத்தளத்தில் போட்டால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. கணவன் தெகார் ஒரு லைக் போடுவான். அதுவும் சோறு கேட்பதற்கு முன்னால். அந்தப் படத்தளத்தின் முகப்பில் ஒரே ஒரு தடவை தன் படம் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பேராசைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்காகத்தான் பூர்வோகெர்த்தோ ஊர்ப் புகைப்படக் குழுவில் சேர்ந்தாள். எல்லாரும் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் குழுத் தலைவர் தர்மாஜியின் படங்கள் மாதம் தவறாமல் முகப்பில் வரும். இலையைக் குடையாகப் பிடித்து மழையில் நிற்கும் தவளை, நத்தை மேல் சவாரி போகும் தவளை. இந்த மனுஷன் கண்ணில் மட்டும் இதெல்லாம் எப்படிப் படுகிறது என்று வெனிங் ஏங்கிப்போயிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தோட்டத்தில் குட்டு உடைந்தது. மெந்தோவான் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே தர்மாஜி பிரிட்ஜிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே கடையில் வாங்கிய பச்சைத் தவளை, துள்ள முடியாதபடி குளிரில் விறைத்துக் கிடந்தது. அதன் முன்னங்கையில் மெல்லிய நூலைச் சுற்றி இலைக்காம்போடு சேர்த்துக் கட்டினார். ஒருவர் தண்ணீர் பீய்ச்சி மழை பெய்வித்தார். மற்றவர்கள் வரிசையில் வந்து எடுத்துத் தள்ளினார்கள்.

"பாக், அதுக்கு வலிக்காதா?" என்றாள் வெனிங்.

"வாயத் தொறந்து சிரிக்குது பாரும்மா. வலிச்சா சிரிக்குமா?" என்றார் தர்மாஜி.

"அது சிரிக்கல பாக். தவிக்குது."

"இந்தா, தவளைக்கு வக்கீல் வந்தாச்சு!" தர்மாஜி சொல்ல, எல்லாரும் கெக்கலித்தார்கள். "நூல கம்ப்யூட்டர்ல அழிச்சிடு. 'தற்செயலாகக் கண்டது'ன்னு எழுதிப் போடு. நாங்க அத்தன பேரும் வந்து லைக் போடுறோம். இம்புட்டுதான் சூட்சுமம்."

வெனிங்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தவளைக்காக மட்டுமல்ல, இத்தனை நாள் இந்த ஆளைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்றும்தான். அவள் முறை வந்தபோது முடிச்சு தளர்ந்திருந்தது. இறுக்குவதற்காக தர்மாஜி குனிந்தார். அவள் பின்னால் நகர்ந்து, அவருடைய தடித்த விரல்களையும் இழுபட்ட அந்தச் சின்னக் கையையும் நூலையும் சுற்றி நின்ற கேமராக்களையும் சேர்த்து எடுத்தாள். அன்றைக்கே போட்டாள், கீழே 'தற்செயலாகக் கண்டது' என்று எழுதி.

குழுவிலிருந்து அவளைத் தூக்கினார்கள். படமோ பற்றிக்கொண்டது. யார் யாரோ வந்து பார்த்தார்கள், திட்டினார்கள், பகிர்ந்தார்கள். பிறகு ஒரு காலையில் படத்தளத்தின் ஆசிரியரிடமிருந்தே செய்தி வந்தது. 'தவளை அற்புதம். முகப்பில் போட விரும்புகிறோம். அந்தக் கையையும் நூலையும் மட்டும் நீக்கித் தர முடியுமா?'

"மொகப்புடீ!" என்று தெகார் குதித்தான். "எத்தன நாள் ஆசை! ஒரு நூலு, அழிச்சா என்ன கொறஞ்சிடும்?"

"அழிச்சா அது தர்மாஜி படம். எனக்கெதுக்கு?"

மாட்டேன் என்று பதில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு அழுதாள். ஆசை ஆசைதானே.

மறுநாள் முகப்பில் ஒரு தவளை குடை பிடித்து நின்றது. தர்மாஜி எடுத்தது, அதே தோட்டம், அதே இலை. 'கடவுளின் அதிசயம்' என்று கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. வெனிங் மூக்கைச் சிந்திவிட்டு, அவற்றுக்கு நடுவே தன் பெயரிலேயே எழுதினாள்: 'பாக், நூல் எங்கே?' தன் படத்தையும் பக்கத்தில் ஒட்டினாள்.

சற்று நேரத்தில் தர்மாஜி அதை அழித்தார். அவள் மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தார்.

"விடுடீ, எத்தன தடவதான் எழுதுவ?" என்றான் தெகார்.

"அழிச்சு அழிச்சு அவரு வெரல் வலிக்கிற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெனிங் அடுத்ததைத் தட்டத் தொடங்கினாள்.