பதினைந்தாவது படிவம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பள்ளிப் படிவம். மேஜைமேல்தான் கிடக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், சாதி, ரத்தப் பிரிவு எல்லாம் எழுதியாயிற்று. ‘எட்டாம் வகுப்பில் படிக்க விரும்பும் முதல் மொழி’ என்ற கட்டம் மட்டும் காலி. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பள்ளியில் கொடுத்தாக வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. அதனால் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கர்நாடக–மராட்டிய எல்லை ஊரான பெலகாவியில், தாசில்தார் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கன்னடத்திலும் மராட்டியிலும் எழுதுவேன். கதையை மட்டும் தமிழில் எழுதுவேன். இந்த ஊரில் அதைப் படிக்க ஆளில்லை என்பது இன்றைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘சாயலி அன்று காலை கண்விழித்தபோது மழை தூறிக்—’

(பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாம் தொடக்கம்: ‘பல மொழிகள் புழங்கும் ஒரு சமூகத்தில் குழந்தைகளின் கல்வி—’

(ஐயோ, மேடையும் மாலையும்தான் பாக்கி.)

சரி, நேராகவே சொல்கிறேன். சாயலிக்குப் பதின்மூன்று வயது. அப்பா பசவந்த், விசைத்தறி ஓட்டுகிறவன், கன்னடக்காரன். அம்மா வைஜயந்தா மராட்டிக்காரி. சோள ரொட்டி தட்டி விற்கிறாள். அவள் அதை பாக்ரி என்பாள், அவன் ரொட்டி என்பான். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக இருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. அவனுக்குக் கன்னடம் மட்டும் எழுதப் படிக்க வரும், அவளுக்கு மராட்டி மட்டும்.

3

திங்கட்கிழமை இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள்.

“கன்னடம் போடுங்க சார்,” என்றான் பசவந்த். “நாளைக்கு வேலைக்குப் போற பொண்ணு. இந்த ஊர் ஆபீஸ்ல மராட்டியில பேசினா ஜன்னலைச் சாத்திடுவான்.”

“இவர் இப்படித்தான் பாவோஜி,” என்றாள் வைஜயந்தா. அவளுக்கு நான் கொழுந்தன் முறை. “புள்ள எங்கம்மாவுக்கு நாலு வரி எழுதணும்னா உங்ககிட்டதான் வந்து நிக்கணுமா?”

“உங்கம்மாவுக்கு ஃபோன் இருக்குல்ல? ஊரே முழிச்சுக்கிற மாதிரிதான பேசுறீங்க!”

“பாத்தீங்களா? எங்கம்மா குரல்தான் இவருக்கு உறுத்துது.”

தலைமையாசிரியர் மூன்றாவதாக ஒரு வழி சொல்லியிருக்கிறார்: சமஸ்கிருதம். பதிலைக் கன்னடத்திலேயே எழுதலாம், பத்தாம் வகுப்புத் தேர்வில் நூற்றியிருபத்தைந்துக்கு நூற்றியிருபத்தைந்து மதிப்பெண்.*

கடைசியில் பசவந்த் பேனாவைப் பிடுங்கி, மொழிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள்.

“நாலு நாளா வீட்ல யாரும் சரியா சாப்பிடலை சார். நீங்களே எழுதிடுங்க. நாங்க யார் எழுதினாலும் சண்டை. நீங்க எழுதினா பழி உங்கமேல.”

“ஆமா பாவோஜி. உங்களுக்கு என்ன, ரெண்டும் ஒண்ணுதான?”

எனக்கு ரெண்டும் ஒன்று இல்லை. அதை அப்போது நான் சொல்லவில்லை.

*அப்படி நூற்றியிருபத்து நான்கு வாங்கிய ஒருவன் போன மாதம் என்னிடம் வந்தான். தன் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுத அவனுக்கு எந்த மொழியும் முழுதாகக் கைவரவில்லை. அவனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

4

இங்கே ஒரு பாத்திரத்தை நான் மறைத்து வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: ‘அந்தப் பள்ளியின் மராட்டி ஆசிரியை, அறுபதை நெருங்கும், தனிமையான—’

சுத்தப் புளுகு. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பெயர் உஜ்வலா. என் மனைவி. பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. மராட்டிக்குப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் அந்தப் பிரிவு நடக்கும் என்று நிர்வாகம் எழுதி ஒட்டிவிட்டது. நடக்கவில்லை என்றால் அவளுக்கு வேலை இல்லை. இதுவரை பதினாலு.

அவள் அங்கே பாயி, அதாவது டீச்சர், என்பது பசவந்துக்கும் வைஜயந்தாவுக்கும் தெரியும். இந்தப் பதினாலு கணக்கு தெரியாது. நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

உஜ்வலா தினமும் சாப்பாடு போடும்போது, “பதினாலுதான் ஆயிருக்கு” என்கிறாள்.

“நான் என்ன பண்ணணும்கிறே?”

“நான் ஒண்ணும் சொல்லலையே. பதினாலுன்னு சொன்னேன். தயிர் வேணுமா?”

(இதைத் தமிழில் எழுதுவது ஏன் வசதி என்று இப்போது புரிந்திருக்கும்.)

5

முடிவுகள்:

அ) நான் ‘மராட்டி’ என்று எழுதுகிறேன். பிரிவு பிழைக்கிறது. பத்தாம் வகுப்பில் சாயலி மதிப்பெண் குறைந்து, அப்பன் தறி நிழலில் உட்கார்ந்து— வேண்டாம்.

ஆ) ‘கன்னடம்’ என்று எழுதுகிறேன். பதினாலு பிள்ளைகளும் வேறு வகுப்புக்குக் கலைகிறார்கள். உஜ்வலா மறுபடியும் தயிர் வேணுமா என்று கேட்பாளா என்பது—

இ) இரண்டு பேரும் படிக்கிற மாதிரி ஒரு மொழியை அரசாங்கம் கண்டுபிடிக்கிறது. (போடா!)

மூன்றிலும் ஒருத்தி வாயே திறக்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சே, படிக்கப் போகிறவளை யாரும் கேட்கவில்லையே. நானும் கேட்கவில்லை.

6

இதுவரை எழுதியது காலையில். மதியம் ரொட்டிக் கூடையோடு அவளே என் மேஜைக்கு வந்தாள்.

“சாயலி, உனக்கு எது வேணும்?”

“என்னை எதுக்கு காகா கேக்குறீங்க?” அவளுக்கு நான் காகா, அதாவது சித்தப்பா. முகம் சுருங்கிப்போயிற்று. “நான் ஒண்ணு சொன்னா ஆயி அழுவா. இன்னொண்ணு சொன்னா அப்பா பேசவே மாட்டாரு. அதான் நான் வாயே திறக்கலை.”

“என்கிட்ட மட்டும் சொல்லு.”

சுற்றும்முற்றும் பார்த்தாள். குனிந்து என் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். யோசிக்கவே இல்லை, எத்தனை நாளாக வைத்திருந்தாளோ.

“நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க காகா. நீங்களா எழுதின மாதிரி எழுதுங்க.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அதனால் உங்களிடமும் சொல்ல மாட்டேன். அவள் போய் மூன்று மணி நேரம் ஆகிறது, படிவத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மராட்டி என்று சொல்லியிருந்தால் அங்கேயே எழுதி முடித்திருப்பேனே என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, பேனா என் கையில்தான் இருக்கிறது, சமையலறையிலிருந்து உஜ்வலா ஏதோ கேட்கிறாள். பயமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் இப்போது என்ன எழுதுவீர்கள்?